கிரீன்லாந்து மொழிக்கான சொற்பகுப்பான்: பிரித்துக் காட்டும், கட்டக் கற்றுத்தராது

கிரீன்லாந்தின் மொழிச் செயலகமான ஒஃகாசிலெரிஃப்ஃபிக் நூக் நகரில் இருக்கிறது. இணையத்தில் அது இலவசமாகத் தரும் கருவிகள் பல: அகராதி, பிழைதிருத்தி, டேனிஷில் பெயர்த்துத் தரும் நுத்செருத், எழுதியதை வாசித்துக் காட்டும் மார்த்தா. பின்னொட்டுகளைப் பிடித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இவற்றையெல்லாம்விட உதவுவது சொற்பகுப்பான்தான். (தொண்டையின் அடியிலிருந்து எழும் ககரம் இங்கே ‘ஃக’ என எழுதப்பட்டுள்ளது. அந்த ஒலிதான் பாதி விதிகளுக்குக் காரணம் என்பதால் சாதாரணக் ககரத்தோடு கலந்துவிடக் கூடாது.)

நீளமான ஒரு சொல்லை உள்ளிட்டால் வேரைத் தனியாகவும், ஒட்டுகளை வரிசையாகவும் பிரித்துத் தரும். ஒவ்வோர் ஒட்டின் பக்கத்திலும் அது செய்யும் வேலைக்கு ஒரு குறி இருக்கும்: பெயரை வினையாக்குகிறதா, வினையைப் பெயராக்குகிறதா, வகையை மாற்றாமல் பொருளை மட்டும் கூட்டுகிறதா என்று. இந்தக் குறிகளுக்காகவே இதைப் பயன்படுத்தலாம். ‘இல்லு’ என்றால் வீடு. ‘இல்லுலியொர்ப்பொஃக்’, அவர் வீடு கட்டுகிறார். ‘இல்லுலியொர்த்தொஃக்’, வீடு கட்டுபவர். ‘இல்லுலியொர்த்தொஃகர்ப்பொஃக்’, வீடு கட்டுபவர் ஒருவர் இருக்கிறார். பெயர், வினை, பெயர், வினை என்று ஒவ்வோர் ஒட்டிலும் சொல் வகை மாறிக்கொண்டே போகிறது. தமிழிலும் ஒட்டு மேல் ஒட்டு வரும்; ஆனால் ‘வீடு’ என்பதோடு ஒரு விகுதியைச் சேர்த்து ‘வீடு கட்டு’ என்ற வினையை ஆக்கிவிட முடியாது. அங்கே அது அன்றாட வழக்கு. இப்படிச் சொல்லாக்கம் செய்யும் ஒட்டுகள் 400க்கும் மேல்.

பகுப்பான் கைவிடும் இடம் புணர்ச்சி. ஒட்டின் அடிப்படை வடிவத்தைக் காட்டும்; அது முன்னிருக்கும் மெய்யை விழுங்குமா, வைத்துக்கொள்ளுமா என்பதை அந்த விடையில் பார்க்க முடியாது. ‘ஃகிம்மெஃக்’ என்றால் நாய். ‘பெரிய’ என்ற ஒட்டு சேர்ந்தால் ‘ஃகிம்மெர்சுவஃக்’: இறுதி மெய் ரகரமாகி நிற்கிறது. ‘சிறிய’ என்பது சேர்ந்தால் ‘ஃகிம்மிங்ஙுவஃக்’: இறுதி மெய் போய்விட்டது, எகரமும் இகரமாகிவிட்டது. உண்மையில் இந்த மொழிக்கு உயிரொலிகள் அ, இ, உ மூன்றே. ‘ஃக’வுக்கும் ரகரத்துக்கும் முன்னால் இகரம் எகரமாகவும் உகரம் ஒகரமாகவும் எழுதப்படுகிறது. அகராதியில் ‘ஃகிம்மி’ என்று தேடிக் கிடைக்காமல் திகைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மரம் என்பது ‘மரங்கள்’, ‘மரத்தை’ என்று வெவ்வேறாகத் திரிவதைப் போல, எந்த ஒட்டு எப்படித் திரிக்கும் என்பதை ஒட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். எனவே பகுப்பானின் ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘விழுங்கும்’ அல்லது ‘விழுங்காது’ என்று நீங்களே குறித்து வையுங்கள்.

எதிர்மறையில் இன்னொரு பொறி. ‘நெரெருசுப்புங’ என்றால் ‘எனக்குச் சாப்பிட ஆசை’. இல்லை என்று சொல்ல நடுவில் எதிர்மறை ஒட்டைச் செருகினால் மட்டும் போதாது, கடைசி விகுதியும் மாறும்: ‘நெரெருசுங்ஙிலங’. பழைய விகுதியையே வைத்து எழுதினால் தவறு. நீங்கள் கட்டிய சொல் பகுப்பானில் பிரியாவிட்டால் முதலில் இந்த இடத்தைச் சரிபாருங்கள்.

ஒரு சொல்லுக்குப் பல விடைகள் வருவதைக் குறையாகச் சொல்ல மாட்டோம். ‘இல்லுத்’ என்பது ‘வீடுகள்’ என்றும் பொருள்படும், ‘உன் வீடு’ என்றும் பொருள்படும். தனிச்சொல்லை வைத்துக்கொண்டு எது சரி என்று எந்தக் கருவியாலும் தீர்மானிக்க முடியாது. முதல் வரியை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் சிக்கல்.

பகுப்பதை எங்கே நிறுத்துவது என்பதும் பயிற்சியில் வர வேண்டியது. ‘சினிஃப்ஃபிக்’ என்பதைத் ‘தூங்கு’, ‘இடம்’ என்று இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் வழக்கில் அது கட்டில். ‘மித்தர்ஃபிக்’ இறங்கும் இடம், அதாவது விமான நிலையம். ‘நெரினியர்தர்ஃபிக்’ வழக்கமாகச் சாப்பிடப் போகும் இடம், உணவகம். பகுத்துப் பார்த்ததும் அகராதியைத் திறந்து வழக்குப் பொருளையும் பாருங்கள். அகராதி பெரும்பாலும் டேனிஷில்தான் பொருள் சொல்கிறது. டேனிஷ் அறியாதவர்களுக்கு இதில் இரட்டை வேலை.

பழைய நூல்களைப் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எழுத்துமுறை 1973இல் சீர்திருத்தப்பட்டது. அதற்கு முன் ‘இல்லு’வை ‘இக்ட்லொ’ என்று எழுதினார்கள். அந்தக் கால வரிகளை அப்படியே உள்ளிடாமல் புதிய எழுத்துமுறைக்கு மாற்றிய பிறகே பகுக்கக் கொடுங்கள்.