புரதமா, பம்ப்பா: ரெகுலேட்டரி பணியில் எந்தப் பக்கம்?

மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அரசின் அனுமதி பெறும் பணியான ரெகுலேட்டரி அஃபேர்ஸ் துறைக்கு வர நினைக்கும் பட்டதாரிகள் பெரும்பாலும் சம்பளத்தையும் பதவிப் பெயரையும் வைத்தே பயோடெக்கையும் மருத்துவக் கருவித் துறையையும் எடை போடுகிறார்கள். நான் வேறொரு கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். தயாரிப்பில் ஒரு சிறு மாற்றம் செய்யப்போகிறோம் என்ற தகவல் உங்கள் மேசைக்கு வருகிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? இரண்டு துறைகளும் பிரியும் இடம் அதுதான்.

முதலில் கருவி. நரம்பு வழியே மருந்து செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு பேட்டரி தரும் நிறுவனம் மாறுகிறது. அமெரிக்காவில் அந்த பம்ப் 510(கே) வழியில், அதாவது ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு கருவிக்கு இணையானது என்று காட்டி, அனுமதி பெற்றது. இப்போது புதிய 510(கே) தாக்கல் செய்ய வேண்டுமா, காரணத்தை எழுதிக் கோப்பில் வைத்தால் போதுமா? அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1997இல் வெளியிட்டு 2017இல் திருத்திய வழிகாட்டி, கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகத் தருகிறது. விடை எழுத வேண்டியது நிறுவனம். அந்த விடையில் கையெழுத்திடும் இடத்துக்குக் கருவித் துறையில் ஒருவர் சில ஆண்டுகளிலேயே வந்துவிட முடியும். அந்த பம்ப் நள்ளிரவில் ஒரு நோயாளியின் படுக்கையருகே நின்றுபோனால், பிற்பாடு ஆய்வாளர் கேட்கும் காகிதங்களில் உங்கள் கையெழுத்திட்ட தாளும் இருக்கும். அந்தப் பாரத்தை மனமார ஏற்பவர்களுக்கே இந்த வேலை பொருந்தும். பேஸ்மேக்கர் போன்ற, ஆபத்து மிகுந்த மூன்றாம் வகுப்புக் கருவிகளில் நிலைமை வேறு: பிஎம்ஏ என்ற கடுமையான வழி என்பதால், பாதுகாப்பையோ செயல்திறனையோ பாதிக்கும் மாற்றங்களுக்கு எஃப்டிஏயின் முன் அனுமதி வேண்டும்.

இப்போது பயோடெக். ஒரு மோனோகுளோனல் ஆன்டிபாடியின் உற்பத்தி ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. அது உயிருள்ள செல்களில் உருவாகும் பெரிய புரதம். செல் வளரும் சூழல் சற்று மாறினாலும், புரதத்தின்மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் மாறலாம். அதனால் மருந்து உடலில் வேலை செய்யும் விதமும் மாறலாம். ஆகவே பழைய மருந்தும் புதிய மருந்தும் ஒப்பானவையே என்று மருந்து விதிகளை ஒருங்கிணைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் க்யூ5இ நெறியின்படி தரவுகளோடு நிறுவ வேண்டும். மாற்றத்தின் தீவிரத்தைப் பொறுத்து முன் அனுமதி, 30 நாள் முன்னறிவிப்பு, ஆண்டறிக்கை என்று வழிகள் பிரியும். இங்கே தனியாளாக முடிவெடுக்க இடமில்லை. பகுப்பாய்வு விஞ்ஞானிகள், புள்ளியியலாளர்கள், மருத்துவர்கள் ஆகியோரின் தரவுகளை ஒரே வாதமாகக் கோத்து எழுதுவதே உங்கள் திறமை.

இந்தக் கெடுபிடி ஏன் என்று சலிப்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்வேன். 2006 மார்ச்சில் லண்டனில் டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடியை முதன்முறையாக மனிதர்களுக்குச் செலுத்தினார்கள். மருந்து ஏற்றப்பட்ட ஆரோக்கியமான ஆறு தன்னார்வலர்களும் சில மணி நேரத்தில் உயிருக்குப் போராடும் நிலைக்குப் போனார்கள். விலங்குச் சோதனைகள் அந்த ஆபத்தை முன்கூட்டிக் காட்டவில்லை. அடுத்த ஆண்டே ஐரோப்பிய மருந்து முகமை, முதல் மனிதச் சோதனைகளுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. கருவித் துறையின் விதிகளுக்கும் இதே போன்ற வரலாறு உண்டு. டால்கன் ஷீல்டு என்ற கருத்தடைச் சாதனம் பெண்களுக்கு இழைத்த கேடு 1976 அமெரிக்க மருத்துவக் கருவிச் சட்டத்துக்குப் பின்னணி. 2010இல் வெளிப்பட்ட, பிஐபி என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மார்பகப் பதிய மோசடி, ஐரோப்பா 2017இல் கொண்டுவந்த எம்டிஆர் என்ற மருத்துவக் கருவிச் சட்டத்துக்கு உந்துதல்.

கால அளவிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. 510(கே) விண்ணப்பத்துக்கு எஃப்டிஏயின் இலக்கு 90 நாள்; கேள்வி கேட்டு நிறுத்திவைக்கும் நாட்கள் அதில் சேராது. ஓரிரு ஆண்டுகளில் பல விண்ணப்பங்களைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துவிடலாம். புதிய உயிரியல் மருந்துக்கான பிஎல்ஏ விண்ணப்பமோ, ஏற்புக்கான முதல் 60 நாட்களுக்குப் பிறகு வழக்கமாகப் பத்து மாதம் எடுக்கும். அதற்கு முன்பே மருத்துவச் சோதனைகள் பல ஆண்டுகளை விழுங்கியிருக்கும். இரண்டாம் கட்டச் சோதனையில் மருந்து தோற்றுவிட்டால், நீங்கள் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்கள் ஒரு நோயாளியையும் எட்டாமல் நின்றுவிடும். பயோடெக்கைத் தேர்பவர் இதைத் தெரிந்தே தேர வேண்டும்.

படிப்பைப் பொறுத்தவரை, மின்னணுவியலோ மென்பொருளோ உயிர்மருத்துவப் பொறியியலோ படித்தவருக்குக் கருவித் துறையின் இடர் மேலாண்மைத் தரமான ஐஎஸ்ஓ 14971 விரைவில் பிடிபடும். உயிர்வேதியியல் படித்தவருக்கு மருந்து விண்ணப்பத்தின் மூன்றாம் தொகுதி, அதாவது தரமும் உற்பத்தியும் பற்றிய பகுதி, சொந்த ஊர் போல இருக்கும். ரெகுலேட்டரி பணியாளர்களுக்கான ஆர்ஏசி சான்றிதழ்த் தேர்வும் மருந்து, கருவி என்று இரண்டாகவே நடக்கிறது.

கருவித் துறைக்குச் சாதகமான இன்னொன்று: எம்டிஆர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒழுங்குமுறைக்குப் பொறுப்பான நபர் ஒருவரை உற்பத்தியாளர் வைத்திருக்க வேண்டும் என்கிறது. பொருத்தமான பட்டத்தோடு கருவித் துறையின் ரெகுலேட்டரி அல்லது தர மேலாண்மைப் பணியில் ஓராண்டு அனுபவம், பட்டம் இல்லையென்றால் நான்காண்டு அனுபவம் அதற்கான தகுதி. இளையவர் ஒருவர் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான்.

என் தேர்வு இது: முதல் வேலையைச் சிறிய கருவி நிறுவனத்தில் தொடங்குங்கள், மூன்று நான்கு ஆண்டுகளில் பயோடெக் பக்கம் நகருங்கள். பாலம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசையால் தானே ஊசி போடும் ஆட்டோ இன்ஜெக்டரிலும், மருந்து நிரப்பி வரும் சிரிஞ்சிலும் புரதமும் கருவியும் ஒன்றாக இருக்கின்றன. எம்டிஆரின் 117ஆம் பிரிவுப்படி, இப்படி ஒன்றிணைந்த தயாரிப்புகளில் பலவற்றின் மருந்து விண்ணப்பத்தோடு, கருவிப் பகுதி பற்றிய மதிப்பீடும் வர வேண்டும். ஆன்டிபாடிக் குழு ஸ்பிரிங்கின் விசையைப் பற்றித் தடுமாறும் அந்தக் கூட்டத்தில், பம்ப்பின் கோப்புகளோடு பழகியவர் பேசத் தொடங்குவார்.

நேர்காணலுக்குப் போனால், நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக வந்த தயாரிப்பு மாற்றத்தை மதிப்பிட்டது யார்? அதை எழுதியவர் இந்த வேலையில் சேர்ந்து எத்தனை ஆண்டு ஆகிறது?" இரண்டாண்டு அனுபவமுள்ள ஒருவரின் பெயரை, அவர் பணியைச் சரிபார்த்த மூத்தவரின் பெயரோடு சேர்த்துச் சொன்னால், அங்கே சேருங்கள்.