கைவேலைக் கத்திகள்: வாங்கிய பிறகு கிடைத்த கவனிப்பு

சமையல் கத்தி எப்படி வெட்டுகிறது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஆனபின் அதில் ஏதாவது கோளாறு வந்தால், செய்து கொடுத்தவர் நம்மை எப்படி நடத்துகிறார் என்று எழுதுபவர்கள் குறைவு. சொல்லிச் செய்யவைத்த கத்தி ஒன்றுக்கு 400, 500 டாலர் கொடுக்கிறோம். மாதக்கணக்கில் காத்திருக்கிறோம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு இந்தப் பின்கவனிப்புக்குத்தான் என்பது என் கட்சி. வெறும் கூர்மைதான் வேண்டுமென்றால் 60 டாலர் கடைக் கத்தியே போதும்.

வீடு நியூ ஜெர்சியில். தினமும் சமையல், வாரக் கடைசியில் விருந்தாளிகள். வெங்காயம், முருங்கைக்காய், பரங்கிக்காய், வாழைப்பூ, மீன் எல்லாம் இந்தக் கத்திகளில்தான் நறுக்குகிறோம். சில வருடப் புழக்கத்தில் மூன்று இடங்களோடு பழகிய அனுபவம் இது. செய்தவர்கள் பெயரைச் சொல்லப் போவதில்லை. தனி ஆட்களின் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

முதல் கத்தி டெக்சாஸில் ஒண்டி ஆளாகப் பட்டறை நடத்தும் ஒருவரிடம் வாங்கியது. 240 மில்லிமீட்டர் நீளம், ஜப்பானியக் க்யூத்தோ வடிவம் (எல்லா வேலைக்கும் ஆகும் சமையல் கத்தி), 52100 எஃகு. பால் பேரிங் செய்யப் பயன்படுகிற எஃகு அது. கிட்டத்தட்ட 1 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் குரோமியம். ஈரத்தோடு விட்டால் துரு ஏறும், ஆனால் கூர் நன்றாக நிற்கும், கல்லில் தீட்டவும் சுலபம். வந்த புதிதிலேயே அதன் வாயில் சின்னச் சின்னதாகப் பல் விழ ஆரம்பித்தது. எலும்பும் இல்லை, தேங்காய் ஓடும் இல்லை. வெட்டியதெல்லாம் பரங்கிக்காயும் முட்டைக்கோஸும்தான். விளிம்பில் நகத்தை மெல்ல ஓட்டினால் இரண்டு மூன்று இடத்தில் தட்டும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அந்த இடங்களில் மட்டும் புள்ளியாக மின்னும்.

அவருக்கு எழுதினேன். அன்று ராத்திரியே பதில் வந்தது. "என்னத்தை வெட்டினீர்கள்?" என்று அவர் ஆரம்பிக்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பல் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொன்னார். நறுக்கும் பலகை மரமா, மூங்கிலா, கண்ணாடியா என்று கேட்டார். அப்புறம் நீளமாக விளக்கினார். பெல்ட் இயந்திரத்தில் கடைசியாகக் கூர் ஏற்றும்போது விளிம்பின் நுனி மட்டும் சூடேறி எஃகு பதம் கெட்டிருக்கலாம். கல்லில் இரண்டு மூன்று முறை தீட்டினால் அந்தக் கெட்ட நுனி போய் உள்ளே இருக்கும் நல்ல எஃகு வெளியே வரும். அப்படியும் பல் விழுந்தால் திருப்பி அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது என்றார்.

தீட்டினேன். குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அனுப்பிவைத்தேன். சோதித்துப் பார்த்துவிட்டு அவரே எழுதினார்: எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 61 வர வேண்டிய கத்தி 63க்குப் பக்கத்தில் நிற்கிறது, துவைச்சலில், அதாவது காய்ச்சிப் பதப்படுத்தியதில், பிசகியிருக்கிறது, தப்பு என்னுடையது. எண்ணெயில் முக்கி இறுகவைத்த எஃகை மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுத்தால்தான் நொறுங்கும் தன்மை குறையும். அந்தச் சூடு சுமார் 200 டிகிரி செல்சியஸ். மரப்பிடியும் பசையும் அதைத் தாங்காது. அதனால் தான் செய்த பிடியைத் தானே உடைத்து எடுத்துவிட்டு, கத்தியைப் பதப்படுத்தி, புதுப் பிடி போட்டு அனுப்பினார். ஒரு பைசா வாங்கவில்லை. பெட்டிக்குள் சின்னச் சீட்டு ஒன்று இருந்தது. எஃகின் பெயர், எந்த எண்ணெய், பதப்படுத்திய சூடு, கடைசிக் கடினம், விளிம்புக்கு மேலே தகட்டின் கனம் எல்லாம் பேனாவால் எழுதியிருந்தார்.

இதைவிட என்னைக் கவர்ந்தது வேறு. அதே நாளில் அதே அடுப்பில் இன்னும் சில கத்திகளைப் பதப்படுத்தியிருக்கிறார். அவற்றை வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. இருந்தும் இவராகவே எல்லாருக்கும் எழுதி, சந்தேகம் இருந்தால் திருப்பி அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார். பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னதால்தான் எனக்குத் தெரியும்.

இவர் அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில் தேறியவர். கத்தி அடிக்கும் கொல்லர்களுக்காக 1976இல் தொடங்கிய சங்கம் அது. தேர்வு கடினமானது. தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு அங்குலம் என்று சொல்லப்படும் மரக்கட்டையை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் அதே கத்தி கை முடியை மழிக்க வேண்டும். கடைசியில் வைஸ் என்ற பட்டறை இடுக்கியில் பிடித்து 90 டிகிரி வளைத்தால் முறியக் கூடாது. கத்தியில் அந்தத் தகுதிக்கான முத்திரை இருந்தால், அவருக்கு எஃகைப் பதப்படுத்தத் தெரியும் என்று நம்பலாம். கடிதத்துக்குப் பதில் போடுவாரா என்பதை எந்தத் தேர்வும் சொல்லாது. முத்திரை பார்த்து வாங்குகிற நண்பர்களிடம் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இரண்டாவது ஆள் வேலைத்திறமையில் இவருக்கு மேல் என்றுகூடச் சொல்வேன். அவரிடம் வாங்கியது காய்கறிக்கான நக்கிரி. அடுக்கடுக்காக மடித்து அடித்த டமாஸ்கஸ் தகடு, சுருள்சுருளான மேப்பிள் மரப்பிடி. வாங்கிய நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கையில் எடுத்துப் பார்த்தார்கள். முதல் குளிர்காலத்தில் பிரச்சினை தொடங்கியது. இங்கே ஹீட்டர் ஓடும் மாதங்களில் வீட்டுக்குள் காற்று வறண்டுவிடும். உலராத மரம், அல்லது பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தாத மரம் அப்போது சுருங்கும். பிடிக்கும் நடுவில் ஓடும் எஃகுக்கும் இடையே முடியளவு இடைவெளி விழுந்தது. ஆணிகளின் தலை மேலெழும்பி உள்ளங்கையில் உறுத்தியது. பார்வைக்கு அசிங்கம் என்பது மட்டும் இல்லை. அந்த இடுக்கில் மீன் தண்ணீர் இறங்கும், உள்ளே துரு பிடிக்கும், நாற்றம் வரும்.

எழுதினேன். "அனுப்புங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி வந்தது. அனுப்பினேன். அதன் பிறகு சத்தமே இல்லை. பருவமே மாறிவிட்டது. இடையில் அவர் செய்த புதுக் கத்திகளின் படங்கள் மட்டும் இணையத்தில் வந்துகொண்டே இருந்தன. நான் எழுதிய கடிதங்களுக்கு, கை வலி, வேலை அதிகம், அடுத்த வாரம் என்று எப்போதாவது பதில் வரும். கை வலி உண்மையாகவே இருக்கும், அதைச் சந்தேகப்படவில்லை. சுத்தியலும் பெல்ட்டும் ஆளைத் தேய்த்துவிடும். அப்படியானால் கத்தியை வைத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்பியிருக்கலாமே. கடைசியில் வந்தபோது இடுக்கில் மரத்தூளும் உடனொட்டிப் பசையும் திணித்திருந்தது. தகட்டில் புதிதாக இரண்டு கீறல். அடுத்த குளிர்காலத்தில் அதே இடம் மறுபடி திறந்துகொண்டது.

மரம் சுருங்கியதற்கு நான் கோபப்படவில்லை. மரம் சுருங்கத்தான் செய்யும். மாதக்கணக்கில் ஒருவரைக் காத்திருக்க வைத்துவிட்டு, கேட்டால் மட்டும் ஒரு வரி எழுதுவதுதான் தாங்க முடியாதது. "இப்போது என்னால் முடியாது, மூன்று மாதம் ஆகும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் சரி என்று காத்திருந்திருப்பேன்.

டெக்சாஸ்காரரிடம் இதைச் செய்து தருவீர்களா என்று கேட்டேன். ஒருவர் செய்த கத்தியில் இன்னொருவர் கைவைப்பது இந்தத் தொழிலில் மரியாதை இல்லை. உள்ளே என்ன எஃகு, எப்படிப் பதப்படுத்தியது என்று தெரியாமல் தொட்டால் பழியும் தன் மேல் விழும். அதனால் முதலில் செய்தவரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வரச் சொன்னார். சம்மதம் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது. பிசின் ஏற்றிய வால்நட் பிடி போட்டுக் கொடுத்தார், அதற்குக் கூலி வாங்கினார். நியாயமான கூலி. அதன் பிறகு வந்த குளிர்காலங்களில் அந்தப் பிடி அசையவே இல்லை.

மூன்றாவது ஜப்பான். ஒசாகாவுக்குத் தெற்கே இருக்கும் சாகாய் நகரத்துக் கத்தி. அங்கே ஏற்பாடே வேறு மாதிரி. அடிப்பவர் ஒருவர், கூர் தீட்டுபவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். நமக்குப் பேச்சுவார்த்தை கடையோடு மட்டும்தான். கடைக்காரர் சுருக்கமாக, மரியாதையாக, தவறாமல் பதில் போடுவார். கத்தி அடித்த கையோடு நமக்கு எந்த உறவும் ஏற்படாது. அதில் எனக்குச் சின்ன வருத்தம் உண்டு. ஆனால் இப்படி வேலையைப் பிரித்திருப்பதில் ஒரு லாபம் இருக்கிறது: ஒருவர் படுத்துக்கொண்டாலும் வேலை நிற்காது. பிடியும் மாற்றுவதற்கென்றே செய்தது. இலேசான ஹோ மரம், முனையில் எருமைக்கொம்புப் பூண். பழசானால் தட்டிக் கழற்றி, கத்தியின் வாலைச் சூடாக்கிப் புதுப் பிடிக்குள் இறக்கிவிடலாம். என் கத்தியின் பிடி ஆடத் தொடங்கியபோது கடைக்காரர், ஜப்பானுக்கு அனுப்பினால் தபால் செலவு பிடியின் விலையைத் தாண்டும், புதுப் பிடியை மட்டும் அனுப்புகிறேன், அங்கேயே மாட்டச் செய்யுங்கள் என்றார். அளவு கேட்டு, படத்தோடு செய்முறையும் அனுப்பினார். தன் வருமானத்தை விட்டுக்கொடுத்து வாங்கியவருக்கு எது சுலபமோ அதைச் சொன்ன மனிதர்.

நம் ஊரில் இது புதிதில்லை. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தி எங்கள் சிவகங்கைச் சீமையில்தான் இருக்கிறது. தாத்தா காலத்தில் கொல்லர் பட்டறையில் அரிவாள் வாங்குவதோடு கணக்கு முடியாது. வாய் மழுங்கினால் காய்ச்சி அடித்துத் தருவது, மறுபடி துவைச்சல் போடுவது, கலப்பைக் கொழுவைச் செப்பனிடுவது எல்லாம் வருடம் முழுக்க நடக்கும். அந்தந்த வேலைக்குக் காசு கிடையாது. அறுவடையில் களத்திலேயே கொல்லருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அந்த முறையில் சாதிக் கட்டும் இருந்தது, விளையாத வருடத்தில் கொல்லர் வீடும் சேர்ந்துதான் பட்டினி கிடந்தது. அது திரும்ப வரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழுது பார்ப்பதும் தொழிலில் ஒரு பாதி, அதற்கும் கூலி உண்டு என்ற கணக்கு அதில் இருந்தது. இன்றைய தனிப் பட்டறைகளில் பலரும் விலையில் அந்தப் பாதியைச் சேர்ப்பதே இல்லை. அதனால்தான் பழுதுக்கு வந்த கத்தி அவர்களுக்குக் கூலியில்லாத வேலையாகத் தெரிகிறது, மேஜையில் கடைசிக்குப் போய்விடுகிறது. கூடுதலாக 50 டாலர் சேர்த்துச் சொல்லுங்கள், நான் தருகிறேன். அதற்குப் பதில் கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் போடுங்கள்.

வாழ்நாள் உத்தரவாதம் என்று எழுதியிருந்தால் நான் உடனே மயங்குவதில்லை. ஒண்டி ஆள் பட்டறையில் அவர் உலை முன்னால் நிற்கிறவரைதான் அந்த வாக்கு. ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் இருக்கும் ராண்டல் பட்டறை மாதிரி இடங்கள் அபூர்வம். 1930களின் கடைசியில் தொடங்கியது. தொடங்கிய போ ராண்டல் 1989இல் காலமானார். குடும்பம் தொடர்ந்து நடத்துகிறது. புதுக் கத்திக்கு வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். அப்பா, தாத்தா வைத்திருந்த பழைய கத்தியைப் புதுப்பிக்க அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

இப்போது முன்பணம் கொடுக்கும் முன் நேராகவே கேட்டுவிடுகிறேன். பிடி மரத்தில் பிசின் ஏற்றியிருக்கிறதா? நீங்கள் வேலையை விட்டுவிட்டால் இன்னொருவர் இதைக் கழற்றி மாட்ட முடியுமா? எஃகும் பதப்படுத்திய சூடும் எழுதித் தருவீர்களா? பழுதுக்கு வரும்போது போகவர தபால் செலவு யாருடையது? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்குவதில்லை. பதிலின் உள்ளடக்கத்தைவிட அது எத்தனை நாளில் வருகிறது என்று கவனிப்பேன். பணம் வருகிற நேரத்திலேயே பத்து நாள் எடுப்பவர், பழுதுக்கு எவ்வளவு எடுப்பார்?

வாங்கியவர்கள் பக்கமும் சில கடமை இருக்கிறது. ஜூன் தொடக்கத்தில் அட்லாண்டாவில் பிளேட் ஷோ என்ற பெரிய கத்திக் கண்காட்சி நடக்கும். மே மாதம் முழுக்க கத்தி செய்பவர்கள் தூங்குவதே அரிது. அப்போது எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று குறை சொல்லக் கூடாது. அனுப்பும் முன் கத்தியைக் கழுவித் துடைத்து இலேசாக எண்ணெய் தடவுங்கள். சந்தையில் இயந்திரத்தில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்து நீலம் பாய வைத்த கத்தியை, பல் விழுகிறது என்று அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். நீலம் என்றால் கிட்டத்தட்ட 300 டிகிரி. அந்த விளிம்பு பதம் இழந்தாயிற்று. செய்தவர் மேல் அதைப் போடுவது அநியாயம். முனையில் கார்க் குத்தி, தகட்டைக் கெட்டி அட்டைக்குள் நுழைத்துக் கட்டி, பெட்டிக்குள் ஆடாமல் வையுங்கள். பிரிக்கிறவர் கை அறுபடக் கூடாது.

கைமாற்றி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டுமா, கத்தி யார் கையில் இருந்தாலும் உண்டா? டெக்சாஸ்காரர் கத்திக்குத்தான் என்கிறார். நக்கிரியை விற்கச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். பிடி மாற்றிய கதை முழுவதையும் சொல்லி, டெக்சாஸ்காரர் எழுதிய சீட்டைக் காட்டி, அதைச் செய்தவரிடமிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.