வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைக்கு ஒலிப்பெட்டி: பட்டனா, டச் சென்சாரா?

கை வைத்தால் விளக்கு எரிந்து, பாட்டோ அம்மாவின் குரலோ கேட்கும் பெட்டி. உள்ளே வைப்பதில் குழப்பமே இல்லை: அர்டுவினோ நானோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன கட்டுப்பாட்டு போர்டு), டிஎஃப் பிளேயர் மினி (மெமரி கார்டில் உள்ள பாட்டை ஒலிக்கும் போர்டு), மெமரி கார்டு, 3 வாட் ஸ்பீக்கர். குழந்தையின் கை படும் இடத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. வீடியோ கேம் மெஷினில் இருப்பதுபோன்ற பெரிய ஆர்கேட் பட்டனா, தொட்டாலே உணரும் டிடிபி223 டச் சென்சாரா? என் தேர்வு பட்டன்.

வயரிங் வேலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். டச் வைத்தால் பெட்டியில் ஓட்டை போட வேண்டாம், துடைப்பதும் சுலபம். அந்த வசதியை மறுக்கவில்லை.

ஆனால் "நான் தொட்டேன், அது பாடியது" என்ற தொடர்பைக் குழந்தை பிடித்துக்கொள்ளத்தான் இந்தப் பொம்மையே. கை வைத்த ஒவ்வொரு முறையும் பதில் வர வேண்டும். வைக்காதபோது வரவே கூடாது. டச் சென்சார் தடுமாறுவது இங்கேதான். எச்சில் வழிந்து மேற்பரப்பு நனைந்தால் ஈரம் பரவிய இடமெல்லாம் தொடும் பகுதிபோல ஆகி, தானாகவே பாடத் தொடங்கும். பெட்டிமேல் கையை ஊன்றி உட்காரும் குழந்தைக்கும் இதே கதிதான். சுவிட்ச் போட்டதும் அரை நொடி யாரும் தொடாமல் இருக்க வேண்டும். அப்போது உள்ளங்கை அதன்மேல் இருந்தால், அதையே 'தொடாத நிலை' என்று சிப் எடுத்துக்கொள்ளும். சற்று நேரம் சும்மா இருந்தால் மின்சிக்கன நிலைக்குப் போய், அடுத்த தொடுதலுக்கு 220 மில்லி நொடிவரை தாமதிக்கும். எல்லாவற்றையும்விட, அமுங்கும் உணர்வோ 'டிக்' சத்தமோ அதில் கிடையாது. செய்தது பலித்ததா என்று விரலுக்குத் தெரியாது.

பட்டன் விரலுக்கே பதில் சொல்லும். 60 அல்லது 100 மி.மீ. குமிழ் எடுங்கள். வாங்கும்போது நடுவில் மட்டும் அழுத்திப் பார்க்காமல், நான்கு ஓரங்களிலும் அழுத்திப் பாருங்கள். சாய்ந்து சிக்கினால் வேண்டாம். 12 வோல்ட் என்று விற்கும் பட்டனின் உள்விளக்கு 5 வோல்ட்டில் மங்கலாகத்தான் எரியும், ரெசிஸ்டரை மாற்ற வேண்டியிருக்கும். பட்டனுக்கு அடியில் உள்ள சின்ன சுவிட்சான மைக்ரோ சுவிட்சின் காமன் (பொது) முனை கிரவுண்டுக்கு, 'என்ஓ' முனை (அழுத்தினால் மட்டும் இணையும் முனை) நானோவின் பின்னுக்கு. அழுத்தாதபோது பின்னை 'ஹை' நிலையில் வைத்திருக்கும் நானோவின் உள் புல்-அப்பை இயக்கினால் தனி ரெசிஸ்டர் தேவையில்லை. ஒரு அழுத்தம் பல அழுத்தமாகப் பதிவாகாமல் காக்கும் டிபவுன்ஸ் இடைவெளி 25 மில்லி நொடி போதும். கையை எடுக்கும்போது அல்ல, அழுத்தும்போதே வேலை செய்யும்படி எழுதுங்கள். சில குழந்தைகளால் கையைச் சட்டென்று எடுக்க முடியாது.

பட்டன் பெட்டியில் கெட்டுப்போவது பெரும்பாலும் பட்டன் அல்ல, வயர். ஓங்கி அடிக்க அடிக்க, சொருகும் டெர்மினல் தளர்ந்து கழன்றுவிடும். பிளையரால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, வயரைப் பெட்டிச் சுவரோடு கட்டிவிடுங்கள். ஒற்றைக் கம்பி வயர் சால்டர் போட்ட இடத்திலேயே ஒடியும். பல இழை வயர்தான் தாங்கும். மைக்ரோ சுவிட்சே போய்விட்டாலும் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம், பெட்டியைப் பிரித்துக் குலைக்க வேண்டாம்.

எதை வைத்தாலும், எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் உள்ள மௌனத்தை வெட்டிவிடுங்கள். விளக்கை முதலில் எரியவிட்டு, பிறகு பிளேயருக்குக் கட்டளை அனுப்புங்கள். ஒலி ஒரு நொடியின் சிறு பகுதி பிந்தினாலும் கண்ணுக்கு உடனே பதில் கிடைத்துவிடும். நானோவுக்கும் பிளேயரின் ஆர்எக்ஸ் முனைக்கும் (கட்டளையைப் பெறும் முனை) இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்தால் ஸ்பீக்கரில் இரைச்சல் குறையும். மின்னோட்டம் குறைவு என்று சில பவர் பேங்க்குகள் தாமே அணைந்துவிடும், பார்த்து வாங்குங்கள். பட்டன் செல் (காசு வடிவச் சின்ன பேட்டரி) வேண்டவே வேண்டாம், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்த பேட்டரியானாலும் மூடிக்குத் திருகாணி போடுங்கள்.

கை வலு மிகக் குறைந்த குழந்தைக்கும் பட்டன்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குமிழுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங்கை மெல்லியதாக மாற்றி, குறைந்த விசையில் இயங்கும் மைக்ரோ சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அமுங்கவில்லை என்றால் டச்தான் வழி. குழந்தையைப் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையும் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 3 மி.மீ. அக்ரிலிக்கின் உள்பக்கம் உள்ளங்கை அளவு செம்புத் தகட்டை ஒட்டி, சென்சாரின் தொடுமுனையோடு சேருங்கள். கை நெருங்கும்போதே பாடினால், போர்டில் அதற்கென விட்டிருக்கும் இடத்தில் 10 பிகோ ஃபாரட் கெபாசிட்டர் வைத்துச் சோதியுங்கள். 50 பிகோ ஃபாரட் வரை கூட்டலாம், கூடக்கூட உணர்திறன் குறையும்.