பழைய ஹைலக்ஸின் முன் பிரேக் டிஸ்க்குகள்: ஒன்பது ஆண்டு அனுபவம்

நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு வாரம் இரண்டு தடவை கரட், லீக்ஸ், கோவா மூட்டைகளோடு இறங்கும் வண்டி என்னுடையது. 1990களின் தொடக்கத்தில் வந்த, நான்கு சக்கர இயக்கமுள்ள டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். 2016இல் வாங்கினேன், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் வேறு வண்டிக்கு மாறும் எண்ணத்தையும் கைவிட்டேன். இதுவரை முன் டிஸ்க்குகளுக்காக, அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளுக்காக, மூன்று தடவை செலவு செய்திருக்கிறேன். அவற்றில் முதல் இரண்டும் வீண்.

அறுபது கிலோமீற்றர் வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறும், காலுக்கடியில் பெடல் துடிக்கும். கராஜில் காட்டியபோது, டிஸ்க் வளைந்துவிட்டது என்றார்கள். 2017இல் புதிய டிஸ்க்குகளையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பேட்களையும் போட்டார்கள். ஐயாயிரம் கிலோமீற்றர் வரை வண்டி வெண்ணெய்போல் நின்றது, பிறகு அதே உதறல். 2019இல் டிஸ்க்குகளை லேத்தில் கொடுத்துச் சீவினேன். அதுவும் சில மாதங்களே தாங்கியது. அதோடு, சீவிய டிஸ்க்கில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைந்துவிட்டதால், ரம்பொடை வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது கருகிய வாடை வந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மெதுவாகத்தான் அடங்கியது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிப்பு 18 மில்லிமீற்றர் எனப் பொறித்திருந்தது. நான் மைக்ரோமீற்றர் வைத்துப் பார்த்தபோது அது 17.8. அதற்கு முன் அதை யாரும் அளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2021இல் லேத் வேலை தெரிந்த நண்பர் ஒருவரோடு சேர்ந்து நானே இறங்கினேன். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் டிஸ்க் வாங்கினேன். இவ்வண்டியில் டிஸ்க், சக்கரம் பூட்டப்படும் ஹப்பின் பின்புறம் பொருந்தியிருப்பதால், பேட்களைத் தாங்கி அழுத்தும் கலிப்பரைக் கழற்றி, பிரேக் குழாயில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட்டு, 54 மில்லிமீற்றர் நட்டை அவிழ்த்து, பெயாரிங்கோடு ஹப் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்க் கையோடு வந்துவிடும் புதிய வண்டிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒரு பகல் வேலை.

புதிய டிஸ்க்கைப் பூட்டிச் சுற்றவிட்டு, ஆட்டத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்தபோதுதான் விடயம் விளங்கியது. மேசையில் குறையற்றிருந்த டிஸ்க், வண்டியில் 0.15 மில்லிமீற்றர் ஆடியது. டிஸ்க் அமரும் ஹப்பின் முகத்தில் துரு செதிலாகப் படிந்திருந்தது, பெயாரிங்கும் தளர்ந்திருந்தது. இப்படி ஆடும் டிஸ்க், பிரேக் பிடிக்காத நேரத்திலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசிக்கொண்டே ஓடும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்கள் கழிந்தபின் அந்த இடம் மட்டும் மெலிந்துவிட, பெடலில் துடிப்பாக அது தெரியவருகிறது. புதிய டிஸ்க் முதலில் நன்றாக இருந்து பிறகு கெட்டதற்குக் காரணம் இதுதான், வளைந்தது எதுவுமில்லை.

துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை எடுத்தோம். பெயாரிங்குகளைக் கழுவிப் புதுக் கிறீஸ் அடைத்து, எண்ணெய் சீலை மாற்றி, ஹப்பைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பின் தளர்த்தி, ஆட்டம் போகுமளவுக்கு மட்டும் மறுபடி இறுக்கினோம். பெயாரிங்கின் ஆட்டத்தைப் போக்காமல் டயல் கேஜ் வைப்பதில் பயனில்லை. கடைசியில் முள் 0.04இல் நின்றது. புதிய டிஸ்க்கில் பூசியிருந்த காப்பு எண்ணெயை நன்றாகக் கழுவினேன். கலிப்பர் பிஸ்டன்களை உள்ளே தள்ளுமுன், மேலேயுள்ள கிண்ணம் நிரம்பி வழியாதிருக்கச் சிறிது பிரேக் எண்ணெயை உறிஞ்சியெடுத்தேன். அது பெயின்ட்டில் பட்டால் தின்றுவிடும் என்பதை முன்னொரு தடவை மட்கார்டில் கற்றிருந்தேன். பிறகு தட்டையான வீதியில், வண்டியை முழுதாக நிறுத்தாமல், அறுபதிலிருந்து பத்துவரை பலமுறை மிதமாகக் குறைத்துப் பேட்களைப் பழக்கினேன்.

அதன்பின் 48,000 கிலோமீற்றர் ஓடிவிட்டது. பேட் ஒரு தடவை மாறியிருக்கிறது. உதறல் திரும்பவில்லை. இறக்கத்தில் இரண்டாம் கியரில் இறங்கும் பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் எட்டு இடங்களில் தடிப்பை அளந்து, கெப்பின் கதவுப் பையிலுள்ள கொப்பியில் குறித்துவைக்கிறேன். 20 மில்லிமீற்றரில் தொடங்கிய வலது டிஸ்க் இப்போது 18.9, இடது 19.1.