லப்டொப்பில் சேர்ந்துபோன வைஃபை பெயர்கள்: கனகாலப் பாவனையில் கண்டவை

விண்டோஸ் வைஃபை அமைப்புக்குள் 'மேனேஜ் நோன் நெட்வேர்க்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி வாடகை அறை, கொக்குவில் ரியூஷன், கொழும்பில் ஒரு இரவு தங்கிய விடுதி என்று ஒருதரம் இணைந்ததெல்லாம் அங்கே கிடக்கும். பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. சில வருடங்களாக அந்தப் பட்டியலை வடிவாகப் பராமரித்து வருகிறேன். அது அவ்வளவு முக்கியமானது என்றே சொல்வேன்.

லப்டொப்புக்கு இடம் தெரியாது. வலையமைப்பின் பெயரையும் பாதுகாப்பு வகையையும் வைத்துத்தான் அது அடையாளம் காண்கிறது. கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையைத் தானாக இணையும்படி விட்டால், அதே பெயரில் யார் ஹொட்ஸ்பொட் போட்டாலும் எங்களைக் கேட்காமலே அதில் இணைந்துவிடும். கடவுச்சொல் இருந்தால் அபாயம் குறைவு, மற்றப் பக்கமும் அதை அறிந்திருக்க வேண்டும். ஆனால் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் ஊருக்கே தெரிந்ததுதானே? அதனால் வெளியில் இணையும்போது தானாக இணையும் தெரிவை எடுத்துவிடுவேன். அலுவல் முடிந்ததும் 'ஃபோர்கெட்' கொடுத்துப் பட்டியலிலிருந்து அழித்துவிடுவேன்.

வீட்டில் இதே குணம் நன்மையாகிறது. றவுட்டர் மாற்றும்போது பழைய பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு வகை மூன்றையும் அப்படியே புதியதில் போட்டால் அம்மாவின் போனில்கூட ஒன்றும் மாற்றத் தேவையில்லை.

அடுத்தது டேட்டா. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. றவுட்டர் நின்றுவிடும், லப்டொப் பற்றரியில் ஓடும், போன் ஹொட்ஸ்பொட்தான் வழி. அப்போதிருந்து ஹொட்ஸ்பொட்டை, டேட்டாவைச் சிக்கனமாகப் பாவிக்கும் 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' ஆக்கி வைத்திருக்கிறேன். பெரும்பாலான விண்டோஸ் அப்டேட்கள் அதில் தானாக இறங்காது, கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் வன்ட்ரைவும் ஒத்திசைவை நிறுத்தி வைக்கும். இந்தத் தெரிவு ஒவ்வொரு வலையமைப்புக்கும் தனித்தனி, ஆகவே வீட்டு ஃபைபர் இணைப்புக்குத் தடையில்லை. பட்டியலைத் துப்புரவாக்கும்போது ஹொட்ஸ்பொட்டை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும், கவனம்.

எதற்கு முன்னுரிமை என்று வரிசைப்படுத்த விண்டோஸ் 7 இல் மேலே கீழே நகர்த்தும் வசதி இருந்தது. விண்டோஸ் 8 இலிருந்து அது இல்லை. இப்போது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கொமாண்ட் புரொம்ப்டில் 'நெட்ஷ்' (netsh) கட்டளையால் வரிசையை மாற்றலாம். லப்டொப்பை ஃபோர்மட் பண்ண முன் எல்லாப் பதிவுகளையும் கோப்புகளாக எடுத்து வைக்கவும் அதே கட்டளை உதவும். கடவுச்சொல்லோடு எடுத்தால் அது வெறும் எழுத்தாகவே கோப்பில் இருக்கும். அந்தப் பென்ட்ரைவை இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டாம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் "மோனை, வைஃபை பாஸ்வேர்ட் என்ன?" என்று கேட்டால் றவுட்டரைப் புரட்டிப் பார்க்கத் தேவையில்லை. அண்மைய விண்டோஸ் 11 இல் இதே பட்டியலில் வீட்டு வலையமைப்பைத் திறந்தால் கடவுச்சொல்லைப் பார்க்கலாம்.