கவுண்டரா, கைப்பேசியா: ரயில் டிக்கெட்டை எதில் எடுப்பது?

ரயில் டிக்கெட்டை எதில் எடுக்கலாம் என்று கேட்டால் இளையவர்கள் யோசிக்காமல் கைப்பேசி என்பார்கள். வீட்டுப் பெரியவர்களோ கையில் சீட்டு இருந்தால்தான் நிம்மதி என்பார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. இடம் தாராளமாகக் கிடைக்கும் நாளில் எதில் எடுத்தாலும் ஒன்றுதான். டிக்கெட் உறுதியாகாத நாளிலும், பயணத்தைக் கைவிட வேண்டிய நாளிலும்தான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியவரும். அந்த நாட்களை மனதில் வைத்தே இந்த ஒப்பீட்டைச் செய்கிறேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பயணக் கட்டணமும் முன்பதிவுக் கட்டணமும் இரண்டு வழியிலும் ஒன்றே. கைப்பேசியில் எடுத்தால், ரயில்வேயின் இணைய டிக்கெட் நிறுவனமான ஐஆர்சிடிசி வாங்கும் வசதிக் கட்டணம் ஒன்று கூடுதலாகச் சேரும். யுபிஐ மூலம் பணம் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு ஒரு டிக்கெட்டுக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய். கார்டு, நெட் பேங்கிங் என்றால் 15, 30. இதன் மேல் ஜிஎஸ்டி. 2016 பணமதிப்பிழப்பின்போது இதைத் தள்ளுபடி செய்தார்கள். 2019 செப்டம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். டிக்கெட்டை ரத்து செய்தால் இந்தத் தொகை திரும்பி வராது. மற்ற நிறுவனங்களின் செயலிகளில் எடுத்தால் அவர்களின் சேவைக் கட்டணமும் ஏறலாம். பணம் கட்டுவதற்கு முன் கடைசித் திரையில் வரும் கணக்கை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

கவுண்டரில் வசதிக் கட்டணம் கிடையாது. ஆனால் பஸ் செலவும் வரிசையில் போகும் அரை நாளும் இருக்கின்றன. ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இருப்பவருக்கு மட்டுமே கவுண்டர் மலிவு என்பேன். இணையத்தில் எடுப்பவருக்கு 45 பைசாவில் பயணக் காப்பீடும் கிடைக்கிறது. கவுண்டர் டிக்கெட்டுக்கு அது இல்லை. காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் பிறகு வரும் இணைப்பில் நாமினி பெயரையும் பதிந்துவிட வேண்டும்.

இனி வெயிட்டிங் லிஸ்ட். என் பார்வையில் இரண்டு வழிகளையும் உண்மையாகப் பிரிப்பது இதுதான்.

கைப்பேசியில் எடுத்த டிக்கெட்டில், சார்ட் என்னும் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் எல்லோரும் வெயிட்டிங் லிஸ்டிலேயே இருந்தால், டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். பிடித்தம் போக மீதிப் பணம் கணக்குக்குத் திரும்பும். அலைச்சல் இல்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நம்மிடம் டிக்கெட்டே இல்லை. அதைக் காட்டிப் பயணம் செய்தால் டிக்கெட் இல்லாத பயணியாகவே எடுத்துக்கொள்வார்கள். கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதமும் கட்ட வேண்டும்.

கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் இப்படித் தானாக ரத்தாவதில்லை. இடம் கிடைக்காவிட்டாலும் முன்பதிவில்லாத பெட்டியில் ஏறிப் போகலாம். முன்பெல்லாம் பலர் அதை வைத்துக்கொண்டு ஸ்லீப்பரிலேயே ஏறி ஓரமாக உட்கார்ந்து போவார்கள். 2025 மே மாதத்திலிருந்து அதில் கண்டிப்பு கூடிவிட்டது. ஸ்லீப்பர், ஏசி பெட்டிகளில் வெயிட்டிங் லிஸ்ட்காரர்களுக்கு இடமில்லை. இருந்தாலும், ஊரில் ஒரு சாவு, நின்றுகொண்டாவது விடிவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்கிற நிலையில் கவுண்டர் டிக்கெட்டின் அருமை தெரியும். அந்த நேரத்தில் பணம் தானாகத் திரும்புகிறது என்பது எந்த ஆறுதலும் தராது.

போகவில்லை என்று முடிவெடுத்தால் நிலைமை அப்படியே தலைகீழ். கவுண்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை ரயில் கிளம்புவதற்கு 30 நிமிடம் முன்புவரைதான் திருப்பிக் கொடுக்கலாம். உறுதியான டிக்கெட் என்றால் அதற்கும் பல மணி நேரம் முன்பே ரத்து செய்தாக வேண்டும். ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்தோ ஐஆர்சிடிசி தளத்திலோ ரத்து செய்ய வழி இருக்கிறது. ஆனால் பணத்தை வாங்கக் கவுண்டருக்குப் போயே தீர வேண்டும். கைப்பேசி டிக்கெட்டையோ நள்ளிரவில் படுத்த இடத்திலிருந்தே ரத்து செய்துவிடலாம். குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்த வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

குடும்பமாகப் போகிறவர்கள் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், நான்கு பேருக்கு எடுத்து, இரண்டு பேருக்கு மட்டும் இடம் கிடைத்தால், அந்தக் கைப்பேசி டிக்கெட் தானாக ரத்தாகாது. எல்லோரும் பயணத்தைக் கைவிடுவதாக இருந்தால் ரயில் கிளம்புவதற்கு 30 நிமிடம் முன்பே ரத்து செய்ய வேண்டும். அல்லது பணத்தைத் திரும்பக் கேட்கும் டிடிஆர் என்னும் மனுவை இணையத்தில் பதிய வேண்டும். தானாகப் பணம் வரும் என்று காத்திருந்தால் நஷ்டம்தான்.

அப்புறம் தட்கல், அதாவது பயணத்துக்கு முந்தைய நாள் திறக்கும் அவசர முன்பதிவு. ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. கவுண்டருக்கென்று தனியாக இடம் ஒதுக்குகிறார்கள் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. அப்படி எதுவும் இல்லை. கவுண்டர் ஊழியரின் கணினியும் நம் கைப்பேசியும் ஒரே இருப்பிலிருந்துதான் எடுக்கின்றன. கவுண்டரில் முதல் ஆளாக நின்றால் வாய்ப்பு மிக நன்றாக இருக்கும். ஐந்தாவது ஆளாக நின்றால் வீட்டில் இருந்திருக்கலாம். கைப்பேசியில் போட்டி எல்லோருக்கும் ஒரே நொடியில் தொடங்கும். பயணிகள் பெயரை முன்கூட்டியே சேமித்துவைத்து, யுபிஐ-யும் தயாராக இருந்தால் கிடைக்கலாம். நடுவில் கேப்ட்சா தப்பானாலோ வங்கி ஓடிபி தாமதமானாலோ போச்சு. பணம் கழிந்து டிக்கெட் வராமல் போவதும் நடக்கும். அந்தப் பணம் சில நாட்களில் திரும்பிவிடும், ஆனால் இடம் திரும்பாது. பணம் போய் டிக்கெட் வராத கவலை கவுண்டரில் இல்லை.

2025 ஜூலை முதல் இணையத் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் சாதாரண முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் ஆதார் நிபந்தனை வந்தது. முகவர்கள் மென்பொருளை வைத்து அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்கும் இந்த மாற்றத்தை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆதாரில் பழைய எண் இருந்து, அந்த சிம்மும் போய்விட்டவருக்குக் கைப்பேசி வழி அடைபட்டுவிடுகிறது. தீபாவளிக்கோ பொங்கலுக்கோ நெல்லை, பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயில்களில் இடம் பிடிக்க நினைப்பவர்கள், 60 நாள் முன்பு காலை 8 மணிக்குச் செயலியைத் திறக்கும் நேரத்தில் இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஒரு வாரம் முன்பே கணக்கைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவில்லாப் பயணத்தில் எனக்குத் தயக்கமே இல்லை, கைப்பேசிதான். தாம்பரத்திலோ செங்கல்பட்டிலோ காலை நேரக் கூட்டத்தில் நின்றவர்கள் மறுக்க மாட்டார்கள். சீசன் டிக்கெட்டையும் அதிலேயே புதுப்பிக்கலாம். 2025-இல் வந்த ரயில்ஒன் செயலியில் முன்பதிவு, முன்பதிவில்லா டிக்கெட் இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காகிதமில்லாத டிக்கெட்டை ரயில் பாதைக்கு மிக அருகில் வந்த பிறகு எடுக்க முடியாது. ஸ்டேஷனில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் முடியும். பரிசோதகர் கேட்கும்போது செயலிக்குள்ளேயே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்ற காரணமும் எடுபடாது.

தனியாகப் போகும் அம்மாவுக்குக் கீழ் படுக்கைதான் வேண்டும் என்றால் கைப்பேசி மேல். கீழ் படுக்கை கிடைத்தால் மட்டும் டிக்கெட் போடு என்று அதில் தேர்ந்தெடுக்கலாம். நோயாளிகளுக்கான சலுகைக்கோ மருத்துவச் சான்றோடு கவுண்டருக்குத்தான் போக வேண்டும். பணம் திரும்பத் தாமதமானால் கூகுளில் எண்ணைத் தேடி அழைக்காதீர்கள். போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. செயலிக்குள் கொடுத்திருக்கும் எண் போதும்.

என் தேர்வைக் கேட்டால் இதுதான்: திட்டமிட்ட பயணத்துக்கும் தினசரி ரயிலுக்கும் கைப்பேசி. எப்படியாவது போயே ஆக வேண்டும், ஆனால் வெயிட்டிங் லிஸ்ட்தான் காட்டுகிறது என்றால் கவுண்டர். கூட்டம் குறைந்துவிட்டது என்று சிறிய ஸ்டேஷன்களில் முன்பதிவுக் கவுண்டரின் நேரத்தைக் குறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கையில் ரொக்கத்தோடும் மருத்துவச் சான்றோடும் வருகிறவருக்குப் பக்கத்து ஊர் கவுண்டர் என்பது ஒரு நாள் கூலி.