எஞ்சின் லைற் எரியவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்

நேற்று நண்பன் ஒருவன் வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பி, “செய்விப்பமோ?” என்று கேட்டான். பார்த்தால், கொழும்பில் இருந்து மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணம் வந்து, வீட்டு வாசலிலேயே ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கணினியில் இருக்கும் மேப் என்கிற கோப்பை மாற்றி எழுதி வலுவைக் கூட்டித் தருகிற அதே ஆட்கள். போன வருடம் என்னைப் பேய்க்காட்டியவர்கள். அவனோடு அரை மணித்தியாலம் போனில் கதைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. போட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள்.

என்னுடையது சுசுகி சுவிஃப்ட் ஸ்போர்ட். 1.4 லீற்றர் பூஸ்டர்ஜெட் டர்போ, ஆறு கியர் மனுவல், ஜப்பானில் 2017 இல் வந்த மொடல். கம்பனிக் கணக்கில் 140 குதிரைவலு, 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை. எடை 970 கிலோ. அந்த எடைக்கு 140 தாராளம். ஆனால் பரந்தன் தாண்டி ஏ9 இல் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கும்போது மனம் கணக்குப் பார்ப்பதில்லை.

“180 குதிரை, 300 முறுக்குவிசை, உங்கட காருக்கெண்டே எழுதுவம் அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றார் வந்த தம்பி. 65,000 ரூபா. நல்லூரில் வீட்டு முற்றத்து மாமர நிழலில் கார் நின்றது. டாஷ்போர்டுக்குக் கீழே, எஞ்சின் கணினியோடு இணைக்கிற ஓபிடி சொக்கற்றில் வயரைச் செருகி, மடிக்கணினியைச் சீற்றில் வைத்து, இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார். பொனற்றைத் திறக்கவில்லை. பிளக் பார்க்கவில்லை, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்பிரஷன்) பார்க்கவில்லை. ஓடிப் பார்க்கக்கூட இல்லை. கடைசியில் காரின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தின் பிரின்ற் எடுத்த வரைபடம் ஒன்றைத் தந்து, “சும்மா போனஸா பொப்ஸும் போட்டிருக்கு” என்றார். அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்தால் சைலன்சர் பட பட என்று வெடிக்கும், அதுதான் போனஸ்.

பொய் சொல்லக்கூடாது, முதல் இரண்டு மாதமும் நன்றாகவே இருந்தது. விடியற்காலை பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், முன்னால் ஒரு வாகனமும் இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் கழுத்து சீற்றில் போய் ஒட்டும். வேலணைப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் அந்த மாதங்களில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. முதலில் கிளச். ஆனையிறவு வெளியில் நாலாவது கியரில் மிதித்தால் எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. 230 க்கு என்று செய்த கிளச்சுக்கு 300 ஐக் கொடுத்தால் வழுக்காமல் என்ன செய்யும்? பிறகு பெற்றோல். லீற்றருக்கு 14 கிலோமீற்றர் போல ஓடியது 11 ஆகியது. அதையும் என் காலின் குற்றம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு சத்தம். ஐந்தாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டு, கியரைக் குறைக்காமல் மிதித்தால், சில்லறைக் காசைப் போத்தலில் போட்டுக் குலுக்கின மாதிரிக் கேட்கும். டாஷ்போர்டில் எஞ்சின் லைற் எரியவில்லை. லைற் இல்லையென்றால் பிரச்சினை இல்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

விசயம் வெளியே வந்தது வாகன வரிப் பத்திரம் புதுப்பிக்கப் போன மாதத்தில். புகைச் சோதனையில் கார் பெயில். சோதித்த பெடியன் அளவைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு வந்தும் லைற் பத்தேல்லையோ அண்ணை?” என்று கேட்டான். அந்தக் கேள்விதான் எனக்கு உறைத்தது.

கோண்டாவிலில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கணினியைத் தொடவே இல்லை, பிளக்குகளைக் கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தார். மூன்று பிளக் சாதாரணம். இரண்டாவது சிலிண்டரின் பிளக்கில், வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத் தூள் தூவின மாதிரிப் புள்ளிகள். நகத்தால் சுரண்டிக் காட்டினார், பளபளத்தது. “இது கரி இல்லைத் தம்பி. உங்கட பிஸ்டன்ர அலுமினியம்.” கம்பிரஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டரில் 175 க்கு மேல், இரண்டாவதில் 95. திறந்தபோது பிஸ்டனில் வளையம் இருக்கும் விளிம்பு உடைந்திருந்தது.

டர்போவும் நேரடி எரிபொருள் தெளிப்பும் உள்ள சின்ன எஞ்சின்களில் குறைந்த சுற்றில் அதிக பாரம் கொடுத்தால், பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளலாம். கம்பனி அந்தச் சுற்றில் முறுக்குவிசையை அளவோடு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சமாளிக்கத்தான் எஞ்சின் எண்ணெய்களிலேயே 2018 இல் எஸ்என் பிளஸ், 2020 இல் எஸ்பி என்று புதிய தரங்கள் வந்தன. என் ரீமேப் முறுக்குவிசையை ஏற்றியது சரியாக அந்த இடத்தில்தான். என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று அந்தத் தம்பி என்னிடம் கேட்கக்கூட இல்லை.

பெற்றோல் விசயத்தையும் சொல்ல வேண்டும். இந்தக் காருக்கு ஜப்பானில் பிரீமியம் பெற்றோல்தான் அடிக்கச் சொல்கிறார்கள், அங்கே அதன் தரம் குறைந்தது 96 ஒக்டேன். எங்கள் பெற்றோல் செட்டுகளில் பொதுவாகக் கிடைப்பது 92, 95. அந்த 95 உம் எல்லாச் செட்டிலும் இருக்காது. அதாவது இந்த வெயிலில், எங்கள் பெற்றோலில், கம்பனி மேப்பே, எஞ்சினுக்குள் கலவை தாறுமாறாக வெடிப்பதை (நொக்) உணரும் சென்சரைக் கேட்டுக் கேட்டு, பிளக் பொறி விடும் நேரத்தை (இக்னிஷன்) பின்தள்ளித்தான் ஓடியிருக்கும். இன்னும் பிழிந்தெடுக்க அதில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் எனக்குக் கூடக் கோபம் வந்தது அடுத்ததற்கு. மெக்கானிக்கின் மருமகன் ஈசியூவில், அதாவது எஞ்சின் கணினியில், இருந்த கோப்பைப் படித்து, ஒரிஜினலோடு ஒப்பிட்டுக் காட்டினான். டர்போ தள்ளும் காற்றழுத்தத்தை (பூஸ்ட்) ஏற்றியிருந்தார்கள், அது தெரிந்ததுதான். நொக் வந்தால் இக்னிஷனை எவ்வளவு பின்தள்ளலாம் என்ற எல்லையைக் குறைத்திருந்தார்கள். சிலிண்டர் சரியாகப் பற்றாத மிஸ்ஃபயருக்குரிய பி0300 முதல் பி0304 வரை, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக்கின் பழுதுக்குரிய பி0420, லைற்றை எரிய வைக்கும் இந்தப் பழுதுக் கோடுகள் (code) எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்கள். பொப்ஸ் போட்டால் எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய் எரியும், கற்றலிற்றிக் உருகும், லைற் எரியும், ஆள் போன் எடுப்பான். அதனால் லைற்றையே எரியாமல் செய்தாயிற்று. கார் கத்தியிருக்கும், வாயைப் பொத்திவிட்டார்கள். அதற்கும் சேர்த்துத்தான் 65,000.

வீட்டுக்கு வந்து அந்த டைனோ தாளை எடுத்துப் பார்த்தேன். மூலையில் சின்ன எழுத்தில் வெப்பநிலை 14 பாகை, எரிபொருள் 98 ஒக்டேன். மார்கழிக் குளிரில்கூட எங்கள் முற்றத்தில் 14 பாகை கிடையாது. எந்தக் குளிர் நாட்டிலோ யாருடைய காரோ. என் கார் டைனோவின் பக்கமே போகவில்லை என்பது எனக்கு முதலே தெரியும், ஆனாலும் அந்தத் தாளை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்.

ரீமேப் செய்த தம்பிக்குப் போன் எடுத்தேன். “92 அடிச்சிருப்பியள்” என்றார். 95 அடித்த ரசீதுகளை அனுப்பினேன். “அப்ப எண்ணெய் பிழை.” கோடுகளை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரிஜினல் கோப்பையாவது தாருங்கள் என்றால், அதற்கு 15,000. பிறகுதான் விளங்கியது, என் காரில் இருந்து அவர் எதையும் படித்தே எடுக்கவில்லை. சில கருவிகள் ஓபிடி வழியாக எழுத மட்டும் செய்யும், ஒரிஜினல் என்று தருவது அதே மென்பொருள் இலக்கத்துக்குச் சேமித்து வைத்திருக்கும் ஒரு கோப்பை. ரசீது கேட்காதது என் மடத்தனம். இப்போது என் மெசேஜ்களுக்கு இரண்டு நீலக் கோடுகள் மட்டும் வரும்.

நண்பனுக்குச் சொன்னது இதுதான். செய்வதென்றால், கை வைப்பதற்கு முன் கம்பிரஷனும் பிளக்கும் பார்க்கச் சொல். உன் ஈசியூவில் இருக்கும் கோப்பை உன் கண்முன்னால் படித்து உன் பென்டிரைவில் போடச் சொல். 95 க்கு எழுதுகிறாயா என்று கேள். எழுதின பிறகு பக்கத்தில் இருந்து ஓடி, இக்னிஷன், நொக், பூஸ்ட், எரிபொருள் கலவை எல்லாவற்றையும் பதிந்து காட்டவேண்டும், ஒரு ஓட்டத்தில் முடிகிற வேலை இல்லை அது. எந்தக் கோடுகளை நிறுத்துகிறாய் என்று கேட்டு எழுத்தில் வாங்கு. அவர் முகம் சுருங்கினால் கதவைச் சாத்து. இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிவிடு, சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி அவர்கள் கையை விரிக்கலாம்.

ஏற்கெனவே செய்தவர்கள், மலிவாகக் கிடைக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றை வாங்கிப் போனில் பாருங்கள். பல நாள் ஓடிய பிறகும் கற்றலிற்றிக் சோதனை ‘முடியவில்லை’ என்றோ ‘இல்லை’ என்றோ காட்டினால் சந்தேகப்படுங்கள்.

பிஸ்டன், வளையம், கஸ்கற், கற்றலிற்றிக், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் போனது. சாமான் கொழும்பில் இருந்து வரும்வரை ஏழு வாரம் பஸ். ஒரிஜினல் மேப்பை மருமகன்தான் தேடி எழுதித் தந்தான், காசு வாங்கவில்லை. கார் இப்போது 140 குதிரையோடு ஓடுகிறது. கிளச் இன்னும் மாற்றவில்லை, பங்குனியில் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.